நாடக வாத்தியார் பாத்திரம்: தொடர் எழுதுவோரும் நடிப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் கலை பயிலும் மாணவர்களை வைத்து தொடர் எடுக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஆடுகிற பிள்ளை, பாடுகிற பிள்ளை, நடிக்கிற பிள்ளை, நடுவில் ஒரு நாடக வாத்தியார். திரைக்கதையில் மிகவும் நேசித்து எழுதப்படுவது அந்த வாத்தியார்தான், படமாகும்போது மிகவும் வெளிறிப் போவதும் அவர்தான். அந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுத்தாளர்களும் நடிகர்களும் உதவி இயக்குநர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நடன ஆசிரியரும் பாட்டு ஆசிரியரும் திரையில் நிற்கிறார்கள். நாடக வாத்தியார் மட்டும் ஏன் நிற்பதில்லை?

நடனத்தில் தப்பு கண்ணுக்குத் தெரியும். பாட்டில் காதுக்குத் தெரியும். நடிப்பு வகுப்பில் என்ன தப்பு, என்ன சரி என்று பார்வையாளருக்குத் தெரிவதற்கு வழியே இல்லை, யாராவது காட்டினால் ஒழிய. அதனால் எழுதுகிறவர்கள் அந்த இடத்தை வசனத்தால் நிரப்பிவிடுகிறார்கள். 'நடிப்பு என்பது உண்மை', 'உன்னை நீயே தேடு' என்று வாத்தியார் நின்றபடி பேசுவார், பிள்ளைகள் கண் கலங்குவார்கள். அவருக்கு நாடகம் தெரியும் என்பதற்கு அதில் ஒரு சாட்சியும் இல்லை.

இந்த வகைத் தொடர்களுக்கு முன்னோடியான அமெரிக்கத் தொடர் 'ஃபேம்' 1982 முதல் 1987 வரை ஒளிபரப்பானது. 1980-இல் வந்த அதே பெயர்ப் படத்திலிருந்து பிறந்தது, நியூயார்க்கின் நிகழ்கலைப் பள்ளி ஒன்றில் நடப்பது. முதல் பருவத்தில் நாடக ஆசிரியர் கிராண்டல், நடித்தவர் மைக்கேல் தோமா. அவர் 1982-இல் காலமாக, அடுத்த பருவத்திலிருந்து ரியர்டன் என்ற நாடக ஆசிரியராக மார்கன் ஸ்டீவன்ஸ் வந்தார். ஆனால் தொடரின் முகமாக நிலைத்தது நடன ஆசிரியை லிடியா கிராண்ட். அந்த வேடத்தில் நடித்த டெபி ஆலன் தொடரின் நடனங்களையும் அமைத்தவர். திரைக்கு வெளியே செய்த வேலையைத்தான் திரைக்குள்ளும் செய்தார். உங்கள் நாடக வாத்தியாரும் அப்படி வேலை செய்து காட்ட வேண்டும். மற்றவை அதற்குப் பிறகு.

சரி, வகுப்புக் காட்சியை எப்படி எழுதுவது?

ஒரே வரியை மாணவர் இரண்டு முறை சொல்லட்டும். இரண்டுக்கும் நடுவில் வாத்தியார் ஒரே ஒரு திருத்தம் சொல்லட்டும். இரண்டாவது முறை ஏதோ மாறிவிட்டது என்று பார்வையாளருக்குத் தெரிந்தால் போதும், வாத்தியாரின் தகுதி நிலைநாட்டப்பட்டுவிடும்.

ஓர் உதாரணம். மாணவி சொல்ல வேண்டிய வரி, "அப்பா இன்னைக்கும் வரலயாம்மா?" முதல் முறை குரலை நடுங்கவிட்டு, தரையைப் பார்த்து, சோகமாகச் சொல்கிறாள். வாத்தியார் சோகத்தைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. மூலையில் இருக்கும் தண்ணீர்க் குடத்தை எடுத்து அவள் இடுப்பில் வைக்கிறார். "எங்க இறக்கறதுன்னு எடம் தேடிட்டே கேளு கண்ணு." இப்போது அவள் கண் இடம் தேடுகிறது, கேள்வி பக்கவாட்டில் நழுவி விழுகிறது, குரல் நடுங்கவில்லை. அம்மாவாக நிற்கும் பெண் தானாகவே ஒரு விநாடி அசையாமல் நிற்கிறாள். வாத்தியார் இன்னும் ஒன்று மட்டும் சொல்கிறார்: "பதில் வர்ற வரைக்கும் கீழ எறக்காத." மூன்றாம் முறை அந்தக் காத்திருப்பே காட்சியாகிவிடுகிறது.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. முதல் முறையையும் அடுத்த முறையையும் ஒரே சட்டகத்தில், ஒரே தூரத்தில் எடுங்கள். இரண்டாவதை நெருக்கக் காட்சியாக மாற்றினால் நடிப்பு மாறியதா, கேமரா மாறியதா என்று தெரியாமல் போகும். இரண்டாம் முறைக்கு இசை போடாதீர்கள், சக மாணவர்களைக் கைதட்ட வைக்காதீர்கள், வாத்தியார் புன்னகைக்கும் முகத்துக்குத் தாவாதீர்கள். இவை மூன்றும் 'நன்றாக இருந்தது' என்று பார்வையாளரிடம் சொல்லிக்கொடுப்பவை. சொல்லிக்கொடுத்தால் அவர் தானாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் போய்விடும்.

குடத்தில் தண்ணீர் இருக்கட்டும். 5 அல்லது 6 லிட்டர் போதும். வெறும் குடம் கொடுத்தால் இடுப்பு வளையாது, எதிர்ப்பக்கத் தோள் இறங்காது, பார்க்கிற எந்த அம்மாவும் உடனே கண்டுகொள்வார். கலைப்பிரிவினர் வசதிக்காகக் காலிக் குடத்தை வைத்துவிட்டுப் போவது வழக்கம். படப்பிடிப்புக்கு முன் தூக்கிப் பாருங்கள். டேக்குகளுக்கு நடுவில் நடிகையின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி வைக்க ஓர் ஆளையும் நிறுத்துங்கள்.

அந்த முதல் முறையை, அதாவது மோசமான நடிப்பை, நன்றாக நடிப்பது எப்படி?

இதுதான் மாணவர் வேடத்தில் வருபவருக்கு உண்மையான சோதனை. மொத்தமாகச் சொதப்பினால் நகைச்சுவை ஆகிவிடும். ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் துல்லியமாகச் செய்ய வேண்டும். புதிதாக நடிக்க வரும் பிள்ளைகளிடம் நிஜமாகக் காணப்படும் குறைகள் சில: வாக்கியத்தின் கடைசிச் சொல் தொண்டைக்குள் இறங்கிவிடுவது, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அதே கை மேலே வருவது, எடையை வலது காலுக்கும் இடது காலுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பது, எதிராளி பேசும்போது உதடு அசைவது. கடைசியில் சொன்னது மிக அழகான குறை. அடுத்தவர் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்த பிள்ளைக்குத்தான் அது வரும். கேமராவுக்கும் நன்றாகத் தெரியும்.

எந்தக் குறை யாருக்கு என்று தொடர் ஆரம்பிக்கும் முன்பே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கடைசி அத்தியாயத்தில் அந்தக் கை மேலே வராமல் இருந்தாலே வளர்ச்சி தெரிந்துவிடும்.

வாத்தியார் தானே நடித்துக் காட்டலாமா?

ஒரே ஒரு தடவை, தொடரின் பாதிக்குப் பிறகு. அதற்கு முன் வேண்டாம். வாத்தியார் நடித்துக் காட்டினால் பிள்ளை அதை அப்படியே பிரதி எடுக்கும், வகுப்பறையில் நடப்பதும் அதுதான். நல்ல ஆசிரியர் நடித்துக் காட்டுவதைத் தவிர்த்து, செய்வதற்கு ஒரு வேலை கொடுப்பார். 'கோபமாகச் சொல்லு' என்று சொல்லமாட்டார். 'அவர் கையிலிருக்கும் சாவியை வாங்கப் பாரு' என்பார். கோபம் தானாக வரும், வராவிட்டாலும் காட்சி நகரும். வாத்தியார் வாயில் 'ஃபீல் பண்ணு' என்ற சொல் திரைக்கதையில் எங்கே வந்தாலும் அடித்துவிட்டு, அங்கே ஒரு வினைச்சொல் போடுங்கள்.

இவர் எங்கே படித்தவராக இருக்கலாம்?

பாலக்காட்டு எல்லைக்காரருக்கு நியாயமான வழிகள் மூன்று நான்கு உண்டு. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி திருச்சூர் அரணாட்டுக்கரையில் இருக்கிறது, 1977-இல் ஜி. சங்கரப்பிள்ளை தலைமையில் தொடங்கியது. இன்று 50 வயதுள்ள வாத்தியார் என்றால் 1990-களின் நடுவில் அங்கே படித்திருப்பார். 'சங்கரப்பிள்ளை சாரிடம் நேரில் படித்தேன்' என்று வசனம் வைத்துவிடாதீர்கள், அவர் 1989-இல் மறைந்துவிட்டார். தமிழ்ப் பக்கம் போனவர் என்றால் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் புலம் இருக்கிறது, ஆரம்பத்தில் இந்திரா பார்த்தசாரதி அதை நடத்தினார். ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை வழியாக வந்தவராகவும் வைக்கலாம்.

எந்த இடம் என்பதைப் பாத்திரம் வாயால் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் தெரிய வேண்டும். கூத்துப்பட்டறைப் பயிற்சி பெற்றவர் தெருக்கூத்தின் அடவு (ஆட்ட அசைவு) ஒன்றைக் காலில் வைத்திருப்பார். திருச்சூர்க்காரர் களரி வணக்கத்தில் வகுப்பைத் தொடங்கலாம். பட்டமே இல்லாமல் கோயில் திருவிழா நாடகத்திலிருந்து வந்தவர் என்றால் ஆர்மோனியம் சுருதி இல்லாமல் அவருக்குப் பேச்சே எழும்பாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

இந்த மண்ணுக்கே உரிய பயிற்சி முறை ஏதாவது உண்டா?

உண்டு, அதைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தமான விஷயம். பாலக்காட்டுப் பகுதியின் நாட்டுப்புறக் கலையான பொறாட்டு நாடகத்தில் ஒரு கேள்விக்காரர் மேடையோரமாக நிற்பார். உள்ளே வரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் நிறுத்தி, யார் நீ, எந்த ஊர், எதற்கு வந்தாய், கையில் என்ன என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் வண்ணாத்தியும் குறவனும் குறத்தியும் தங்களைத் தாங்களே உருவாக்கிக்கொள்வார்கள். நடிகருக்குச் சூழ்நிலையைத் தெளிவாக்க உலகம் முழுக்க நாடகப் பள்ளிகளில் கேட்கும் கேள்விகள் இவையேதான்.

ஆகவே உங்கள் வாத்தியார் கேள்விக்காரராக நிற்கட்டும். மாணவர் பாத்திரமாகவே உள்ளே வரட்டும். முதல் 5 கேள்விகள் எளிதாக இருக்கட்டும்: பெயர், ஊர், எந்த பஸ்ஸில் வந்தாய், டிக்கெட் எவ்வளவு, பையில் என்ன. ஆறாவது கேள்வி வலிக்கட்டும். எளிய கேள்விகளுக்குத் தயங்கிய பிள்ளை வலிக்கிற கேள்விக்குப் பளிச்சென்று பதில் சொன்னால், அந்தப் பதில் மனப்பாடம். மறுபடி வெளியே அனுப்புங்கள். இப்படி ஒரு காட்சியை 3 நிமிடத்துக்குள் எழுதிவிடலாம், பின்னணிக் கதை சொல்ல தனி வசனமும் தேவைப்படாது.

இன்னொன்று தோல்பாவைக்கூத்து. பாரதப்புழை ஓரத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் (கூத்துக்கான மேடைக் கட்டிடத்தில்), 21 விளக்குகளுக்கு முன்னால், கம்பராமாயணப் பாட்டைச் சொல்லிப் பாவைகளை ஆட்டுகிறார்கள். கேரளத்துக் கோயிலில் இரவெல்லாம் கம்பன் பாட்டு ஒலிக்கும் இடத்துக்கு ஒரு தமிழ்ப் பிள்ளையை வாத்தியார் அழைத்துப் போவதற்கு ஒரு முழு அத்தியாயமே ஒதுக்கலாம். திரைக்குப் பின்னால் நின்று, முகமே காட்டாமல், குரலால் மட்டும் நடிக்கும் கலைஞர்களை அவள் பார்க்கட்டும். முகபாவத்தை மட்டுமே நம்பும் மாணவிக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

தமிழ்ப் பிள்ளைகள் மலையாள நாடகத்தில் நடிக்கும்போது வாத்தியார் எதைத் திருத்துவார்?

மூச்சை. மலையாள எழுத்துகளில் மூச்சுடன் ஒலிப்பவை தனியாக உண்டு, தமிழில் கிடையாது. 'முகம்', 'கதை' இரண்டும் இரு மொழிக்கும் பொதுவான சொற்கள்தான், ஆனால் மலையாள மேடையில் முகத்தின் நடுவெழுத்திலும் கதையின் இரண்டாம் எழுத்திலும் மூச்சு வெளியே வர வேண்டும். ஒரு துண்டுத் தாளை உதட்டுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்குள் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்வார். தமிழ் வழக்கில் சொன்னால் தாள் அசையாது, மலையாள வழக்கில் சொன்னால் துடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தாள் எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

மறுபக்கம், மலையாளப் பிள்ளை தமிழ் பேசும்போது 'வந்து' என்பது 'வந்நு' ஆகும், 'ந்த' வருகிற இடமெல்லாம் 'ந்ந' என்று மெல்லக் கரையும். இதைக் கேலிக்குரியதாக எழுதாதீர்கள். இரண்டு மொழிக்கும் நடுவில் வளரும் பிள்ளைகளின் இயல்பு அது.

எல்லைத் தமிழ் என்று ஒரே தமிழும் கிடையாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கொங்குத் தமிழ்: 'ஏனுங்க', 'வாங்க்ணா', நடுவில் 'ஜோலி' (வேலை), 'சாரமில்ல' (பரவாயில்லை) போன்ற மலையாளச் சொற்கள். பாலக்காட்டு நகரின் கல்பாத்தி அக்ரஹாரத்தில் பேசுவது முற்றிலும் வேறு. கொழிஞ்சாம்பாறை விவசாயி வீட்டுப் பையனுக்குக் கல்பாத்தித் தமிழை எழுதிவிட்டால், உள்ளூர்க்காரர்கள் முதல் காட்சியிலேயே தொடரை மூடிவிடுவார்கள்.

மாணவர்கள் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள்?

மலையாளப் பிள்ளைகளுக்கு 'மாஷ்', கூப்பிடும்போது 'மாஷே'. தமிழ்ப் பிள்ளைகளுக்கு 'சார்', பழகிவிட்டால் அவர்களும் 'மாஷே'தான். பெண்ணாக இருந்தால் இரு தரப்புக்கும் 'டீச்சர்'. பெற்றோர் பேசும்போது 'வாத்தியாருங்க' என்று வரும். அவர் பிள்ளைகளைக் 'கண்ணு' என்றும் 'மோளே' (மகளே) என்றும் ஆளைப் பார்த்துக் கூப்பிடுவார். பெயர் சொல்லி 'மிஸ்டர்' போடுவது, முதற்பெயரால் ஆசிரியரைக் கூப்பிடுவது எல்லாம் வெளிநாட்டுத் தொடர்களின் பழக்கம்.

பள்ளிக் கலோல்சவத்தைக் கதையில் எப்படிச் சேர்ப்பது?

கேரளப் பள்ளி என்றால் அதைத் தவிர்க்கவே முடியாது. 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய, பள்ளி மாணவர்களுக்கான மாநிலக் கலைப் போட்டி அது. ஜூனில் பள்ளி திறக்கும், மழைக்காலம் முடியும் நேரத்தில் பள்ளி அளவுப் போட்டி, பிறகு உபஜில்லா (மாவட்டத்தின் உட்பிரிவு), அதன்பின் மாவட்டம், மாநிலப் போட்டி வழக்கமாக ஜனவரியில். ஒரு பருவத்துக்கான கால வரிசை கையிலேயே இருக்கிறது. நாடகத்துக்கு 10 பேர், 30 நிமிடம் என்பது விதி, எழுதும் ஆண்டின் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் செய்யுள் ஒப்பித்தலும் பேச்சும் தனிப் போட்டிகளாக இருக்கின்றன.

கதைக்கான மோதல் இங்கேதான் கிடக்கிறது. முடிவு பிடிக்காதவர்கள் கட்டணம் கட்டி அப்பீல் போகலாம். ஆண்டு முழுக்கப் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர், போட்டிக்காக மட்டும் பணம் கொடுத்து வெளியிலிருந்து அழைக்கப்படும் பயிற்சியாளர் இன்னொருவர். பின்னவர் போன இடமெல்லாம் பரிசு வாங்கித் தருவார், ஆனால் எல்லாப் பள்ளியின் பிள்ளைகளும் ஒரே மாதிரி அழுவார்கள். இருவரில் யார் சரி என்று தீர்ப்பு எழுதாமல், இருவரையும் வேலை செய்ய விட்டுக் காட்டுங்கள்.

30 நிமிட நாடகத்துக்கு எவ்வளவு ஒத்திகை நம்பும்படியாக இருக்கும்?

மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒத்திகையில் ஒரு மணி நேரம் என்று குறைந்தபட்சக் கணக்கு வைக்கலாம். நாளைக்கு ஒன்றரை மணி நேரம், பள்ளி விட்ட பிறகு, வாரம் 5 நாள் என்றால் 4 வாரம். முதல் வாரம் உட்கார்ந்து வாசிப்பு. இரண்டாம் வாரம் நடமாட்டம் அமைப்பது, அப்போது பிரதி கையில் இருக்கும். மூன்றாம் வாரம் பிரதியைக் கீழே வைக்கும் நாள் வரும், எல்லாம் கெட்டுப்போகும் நாள் அது. போன வாரம் நன்றாக நடித்தவர்கள் எல்லோரும் மோசமாக நடிப்பார்கள், ஏனென்றால் கவனம் முழுக்க அடுத்த வரி என்ன என்பதில் இருக்கும். தொடர்களில் இந்த நாளைக் காட்டுவதே இல்லை. காட்டுங்கள். நான்காம் வாரம் நிறுத்தாமல் ஓட்டம், உடை, விளக்கு.

கத்துகிற, அவமானப்படுத்துகிற மேதை வாத்தியார் வேண்டுமா?

வேண்டாம். சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பழைய பாலர் கம்பெனிகளில் அடியும் உதையும் இருந்ததை அங்கே வளர்ந்த நடிகர்களே எழுதியிருக்கிறார்கள், அந்தக் காலத்தைக் காட்டும் கதை என்றால் அது வேறு. இன்றைய வகுப்பில் பயந்த பிள்ளையின் மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும், தோள் காதுக்கு ஏறும், குரல் மெலியும். கத்தி நடிப்பை வரவழைக்கிறார் என்று எழுதுவது தொழில்நுட்பப்படியே தவறு. கண்டிப்பைக் காட்ட வேறு வழி இருக்கிறது: 4 மணிக்கு ஒத்திகை என்றால் 4 மணிக்குக் கதவைச் சாத்துவது, செருப்போடு பயிற்சித் தரையில் கால் வைக்க விடாதது, பென்சில் கொண்டுவராதவரைத் திருப்பி அனுப்புவது. தொட்டுத் திருத்த வேண்டிய இடத்தில் 'தோள்ல கை வெக்கட்டுமா?' என்று அவர் கேட்பதும், தனிப் பயிற்சி என்றால் கதவைத் திறந்து வைப்பதும் வசனம் ஏதும் இல்லாமல் பின்னணியில் இருக்கட்டும்.

உடை, கைப்பொருள்?

தரையில் உட்காரவும் உருளவும் முடிகிற பருத்திப் பேன்ட், தளர்வான சட்டை, வெறுங்கால். வேட்டி கட்டுபவர் என்றால் மடித்துக் கட்டியிருப்பார். டீச்சர் புடவையில் வந்தால் வகுப்புக்கு முன் சல்வாருக்கு மாறும் ஒரு காட்சித்துணுக்கு வையுங்கள். கையில் இயக்குநர் பிரதி: இடப்பக்கம் ஒட்டிய வசனத்தாள், வலப்பக்கம் வெற்றுத்தாளில் பென்சிலால் நடமாட்டக் குறிப்பு. பேனா கூடாது, ஒத்திகையில் எல்லாம் அழிக்கப்படும். புத்தம்புதுப் பிரதியைக் கொடுத்துவிடாமல் ஓரம் மடங்கி, டீக்கறை படிந்த ஒன்றைக் கலைப்பிரிவு தயாரிக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் படப்பிடிப்புக்கு என்ன சிக்கல்?

காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறீர்கள். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்தும் மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் அடிக்கும், கரும்பனை ஓலைகள் சலசலத்துக்கொண்டே இருக்கும். திறந்தவெளியில் குரல் பயிற்சிக் காட்சி எடுத்தால் பாதி ஒலி டப்பிங்குக்குப் போய்விடும், குரல் பயிற்சியை டப்பிங் செய்வதைப் போல் பொய் வேறில்லை. அதிகாலையில் எடுங்கள் அல்லது ஓட்டுக் கூரைக் கட்டிடத்துக்குள் போங்கள். தகரக் கூரை வேண்டாம், ஒரு தூறல் போதும் நாள் வீணாக.

சின்ன வகுப்புப் பிள்ளைகளை நடிக்க வைக்கும்போது?

14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 5 பிள்ளைகளுக்கு ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும், வருமானத்தில் 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாகப் போக வேண்டும். இவை 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகள். எல்லையைக் கடந்து கடந்து எடுக்கும் குழு, எந்த மாவட்டத்தில் எந்த நாள் என்று அட்டவணையில் தனியாகக் குறித்து, அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

நிஜ நாடக ஆசிரியரையே வாத்தியாராக நடிக்க வைக்கலாமா?

வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. வகுப்புக் காட்சிகளில் அவருக்கு முழு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தக் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும், காட்சி எங்கே முடிய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு கேமராவை ஓடவிடுங்கள்: ஒன்று மாணவர் மீது, இன்னொன்று அவர் மீது. வீட்டுக் காட்சிகளில் அவர் தடுமாறுவார், ஏனென்றால் அங்கே கவனிக்க மாணவர் யாரும் இல்லை. அந்தக் காட்சிகளில் அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். மறுநாள் ஒத்திகைக்கான பிரதியில் பழைய குறிப்புகளை ரப்பரால் அழித்துக்கொண்டே மனைவியிடம் பேசட்டும்.